என் கைச் சோறு

ஜூன் 20, செவ்வாய்

இரண்டு அடுப்பில் ஒன்று எரியவில்லை. ஒற்றை அடுப்பிலேயே பொங்கலையும் சாம்பாரையும் இறக்கி முடிப்பதற்குள் ஏழரை ஆகிவிட்டது. அவசரப்பட்டதெல்லாம் வீண். கூட்டமே இல்லை. கனி மெஸ் திறந்த நாளிலிருந்து காலைப் பொங்கல் மிஞ்சியது இன்றைக்குத்தான். பாலிடெக்னிக் பெண்கள் விடுதியில் பாதிப் பேருக்குக் காய்ச்சலாம்.

"டைபாய்டுன்னு பேசிக்கிறாக அக்கா" என்றாள் பேச்சியம்மாள். காய் நறுக்கவும் பாத்திரம் தேய்க்கவும் எனக்குத் துணை அவள்தான். நகராட்சிக் குழாயில் ஒரு வாரமாகத் தண்ணீர் செங்கல் நிறத்தில் வருகிறது. சாக்கடையும் குடிநீர்க் குழாயும் ஒரே குழிக்குள் ஓடினால் காய்ச்சல் வராமல் வேறென்ன வரும்?

வினோதினி மட்டும் வந்தாள். சிவில் படிக்கிற பிள்ளை. முதுகுளத்தூர்ப் பக்கம் ஊர். அடுப்படி வாசலிலேயே தட்டோடு நின்று மூன்றாம் தடவை சட்னி வாங்கிக்கொண்டாள். "எங்கம்மாகூட இப்படி அரைக்க மாட்டாக அத்தை." கிரைண்டரிலிருந்து கையால் வழித்து, உப்பையும் கையாலேயே கலந்தால்தான் எனக்குத் திருப்தி. கரண்டியால் கலக்குவதெல்லாம் ஓட்டல்காரர்கள் வேலை.

அடுப்பு ரிப்பேர்காரன் நாளைக்கு வருகிறேன் என்றான். இவரை அனுப்பி இன்றைக்கே கூட்டிவரச் சொன்னேன். கல்லாவில் உட்காருவதும் சந்தைக்குப் போவதும்தான் இவர் வேலை. அடுப்படிக்குள் வரமாட்டார். வந்தாலும் நான் விடமாட்டேன்.

ஜூன் 25, ஞாயிறு

ஓசூரிலிருந்து மகள் பொன்செல்வி போன். ஐந்தாம் மாதம் முடியப்போகிறது, இன்னும் வாந்தி நிற்கவில்லையாம். மாப்பிள்ளை மகேந்திரன் யூடியூப் பார்த்து ரசம் வைத்தாராம். எப்படி இருந்தது என்றேன். "சூடா இருந்துச்சும்மா" என்றாள்.

ஜூன் 28, புதன்

நகராட்சியிலிருந்து வந்தார்கள். புதிதாக வந்திருக்கும் நல அலுவலர் டாக்டர் மெஹருன்னிசா, கூட இரண்டு ஊழியர்கள். தொட்டியைத் திறந்து பார்த்தார்கள், தண்ணீர் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் ஆளுக்கொரு டப்பாவை நீட்டி, மலப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

"எனக்குக் காய்ச்சலே இல்லையே டாக்டரம்மா."

"காய்ச்சல் இல்லாதவங்களையும் பார்க்கணும்மா. தெருவுல சாப்பாட்டுக்கடை வச்சிருக்க எல்லார்கிட்டயும் எடுக்கிறோம்."

இதற்கு முன்னால் டைபாய்டு வந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். பொன்செல்வி கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்தேன்தான். அப்போது ஆஸ்பத்திரியில் என்னவோ ஒரு பெயர் சொன்னார்கள். அந்தக் காலத்துக் காய்ச்சலுக்கெல்லாம் யார் பெயர் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

சாயங்காலம் தக்காளி சாதம், உருளைக்கிழங்கு. மிச்சமில்லை.

ஜூலை 4, செவ்வாய்

வினோதினிக்கும் காய்ச்சல். அவள் தோழியிடம் கஞ்சியும் பருப்புத் துவையலும் கொடுத்துவிட்டேன். துவையலைக் கொஞ்சம் தளர அரைத்தேன், வாய்க்கசப்புக்கு நன்றாக இருக்கும்.

ஜூலை 7, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலைக் கூட்டம் முடிகிற நேரத்தில் டாக்டர் மெஹருன்னிசா தனியாக வந்தார். உள்ளே உட்கார்ந்து பேசலாமா என்றார். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லையாம். எனக்குத்தான் இருக்கிறதாம்.

"நீங்க நோயாளி இல்லம்மா. ஆனா டைபாய்டு கிருமி உங்க உடம்புல தங்கியிருக்கு. சில பேருக்கு, காய்ச்சல் போன பிறகும் பித்தப்பையில குடியிருக்கும். உங்கள ஒண்ணும் செய்யாது. உங்க கைவழியா அடுத்தவங்களுக்குப் போகும்."

"நான் கை கழுவாமலா சமைக்கிறேன்?"

"கழுவுறீங்க. அவசரத்துல ஒரு தடவ சரியாக் கழுவாம விட்டாப் போதும். கொதிக்கிற சாம்பார்ல கிருமி செத்துரும். அரைச்சுக் கையால கலக்குற சட்னியில சாகாது."

ஊர்க் குழாயை உடைத்துப் போட்டவர்களை விட்டுவிட்டு என் சட்னியைப் பிடித்துக்கொண்டார். அதையும் கேட்டேன். குழாயும் காரணம்தான், அதையும் சரி செய்யச் சொல்லி எழுதியிருக்கிறேன் என்றார். எழுதினாராம்.

பிறகு நோட்டீஸைக் கொடுத்தார். கிருமி போய்விட்டது என்று தெரிகிறவரைக்கும் நான் பிறருக்குச் சமைக்கக் கூடாது, பரிமாறக் கூடாது. மெஸ்ஸை மூட வேண்டியதில்லையாம், பேச்சியம்மாள் சமைக்கலாமாம். பேச்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

என் கை படாமல் கனி மெஸ் என்று எதற்குப் பெயர்? ஷட்டரை இழுத்து மூடச் சொன்னேன். இவர் மூடினார்.

ஜூலை 8, சனி

நாலு மணிக்கே முழிப்பு. ஊறப்போட அரிசி இல்லை, அரைக்க உளுந்து இல்லை. நேற்றுத் தேய்த்து வைத்த பாத்திரங்களை எல்லாம் இறக்கி மறுபடியும் தேய்த்தேன். அலமாரிச் சாமான்களை மாற்றி அடுக்கினேன். மத்தியானம் அதையே பழையபடி அடுக்கினேன்.

சாயங்காலம் யாரோ போனில் காட்டினார்கள். எங்கள் மெஸ் போர்டும் என் முகமும். மேலே, "நோய் பரப்பும் மெஸ்" என்று சிவப்பு எழுத்து. போன பொங்கலுக்கு எடுத்த போட்டோ அது. புதுச்சேலை கட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 10, திங்கள்

வணிகர் சங்கத்து ஜெயபாலன் அண்ணாச்சி காரிலேயே கூட்டிப்போனார். கலெக்டர் ஆபீசில் மனுநாள். நல்ல வெயில், வரிசை வெளியே கேட் வரைக்கும்.

"இன்னைக்கு ஒன் கடை தங்கச்சி. விட்டா நாளைக்கு எல்லார் வயித்துக்குள்ளயும் கைய விட்டுப் பாப்பாங்க" என்றார் அண்ணாச்சி. அவர் பேசுவதைக் கேட்கக் கேட்கத் தெம்பாக இருந்தது. ஒரு குற்றமும் செய்யாதவளை வீட்டில் உட்காரவைக்க யாருக்கு உரிமை இருக்கிறது? திருடினேனா? கலப்படம் செய்தேனா? என் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாதபோது அதற்கு நான் எப்படிப் பொறுப்பு? மனுவில் இதையெல்லாம் சங்கத்து வக்கீல் அழகாக எழுதியிருந்தார்.

கலெக்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, விசாரிக்கச் சொல்கிறேன் என்றார்.

ஜூலை 13, வியாழன்

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், காலையும் இரவும். வயிறு குமட்டுகிறது. ஸ்கேனில் பித்தப்பையில் கல் இருக்கிறதாம். மாத்திரைக்குப் போகாவிட்டால் பித்தப்பையை எடுத்துவிடுவது நல்லது என்கிறார் டாக்டரம்மா. வலியில்லாத வயிற்றைக் கிழித்துக்கொள்ள எனக்குப் பைத்தியமா என்று கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க. கட்டாயமில்ல" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். "உங்க பேரும் படமும் வெளிய வந்தது தப்பும்மா. எங்க ஆபீஸ்ல இருந்துதான் போயிருக்கு. அதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கிறேன்."

மன்னிப்பை வைத்துப் போர்டைக் கழுவ முடியுமா?

ஜூலை 17, திங்கள்

ஆடி பிறந்துவிட்டது.

வினோதினி இறந்துவிட்டாள். மதுரையில். குடலில் ஓட்டை விழுந்துவிட்டதாம். பேச்சியம்மாள் வந்து சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். போகலாமா அக்கா என்றாள். நீ போய்வா என்றேன். வடகத்துக்கு மாவு கிண்டி வைத்திருந்தேன், விட்டுவிட்டுப் போனால் கெட்டுவிடும்.

எல்லாவற்றையும் பிழிந்து மொட்டைமாடியில் காயவைத்தேன். இரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு வடகம் என்று இவர் கேட்டார்.

அந்தப் பிள்ளை விடுதியிலும் அதே குழாய்த் தண்ணீர்தான். அதை எழுதி வைக்கிறேன்.

ஜூலை 22, சனி

மதுரையில் தனியார் லேப் ஒன்றில் என் செலவில் பரிசோதனை கொடுத்திருந்தேன். கிருமி இல்லை. இல்லை என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது.

அதை எடுத்துக்கொண்டு நேராக நகராட்சிக்குப் போனேன். டாக்டரம்மா பொறுமையாகப் படித்தார். "சந்தோஷம்மா. ஆனா இந்தக் கிருமி சில நாள் வெளிய வரும், சில நாள் வராது. மாத்திரை முடிச்ச பிறகு, இடைவெளி விட்டு மூணு தடவ இல்லைன்னு வரணும்."

இருந்தால் ஒரு தடவை போதும். இல்லையென்றால் மூன்று தடவை. இது என்ன கணக்கு?

அண்ணாச்சிக்குப் போன் பண்ணினேன். ஜெயிச்சிட்டோம் தங்கச்சி என்றார்.

ஜூலை 28, வெள்ளி

மாரியம்மன் கோயிலில் கூழ். எங்கள் தெருவில் நான் வந்த வருஷத்திலிருந்து கூழ் கரைப்பது நான்தான். பெண்கள் நாலைந்து பேர் வீட்டுக்கே வந்து, "நீங்க வந்து கரைங்கக்கா. அம்மாவுக்குச் செய்யிறத எந்த நோட்டீஸ் தடுக்கும்?" என்றார்கள். அழுகை வந்துவிட்டது. அந்த நோட்டீஸ் வந்ததிலிருந்து என்னை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை.

கேழ்வரகுக் கூழைக் காய்ச்சி ஆறவிட்டு, மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் போட்டு, முழங்கை வரைக்கும் விட்டுக் கரைத்தேன். மூன்று வாரத்துக்குப் பிறகு என் கை அதன் வேலையைச் செய்தது. வரிசையில் நின்று சொம்பு சொம்பாக வாங்கிப்போனார்கள். அண்ணாச்சி பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து இரண்டு பேரும் குடித்தார்கள்.

பேச்சியம்மாள் மட்டும் அங்கே குடிக்கவில்லை. வீட்டில் போய்க் குடிக்கிறேன் என்று தூக்குச்சட்டியில் வாங்கிப்போனாள். இவருக்கு வயிறு சரியில்லையாம்.

ஆகஸ்ட் 2, புதன்

குழாயைச் சரி செய்துவிட்டார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி வருகிறது.

ஆகஸ்ட் 12, சனி

கோயில் தெருவில் காய்ச்சல். மூன்று வீடோ நான்கு வீடோ. அண்ணாச்சி பேரனுக்கும். பழைய தண்ணீர் தொட்டிகளில் தங்கியிருக்கும், கழுவாமல் வைத்திருப்பார்கள்.

டாக்டரம்மா வந்தார். கூழ் கரைத்தீர்களா என்று நேராகவே கேட்டார். ஆமாம் என்றேன். அது வியாபாரம் இல்லை, சாமி காரியம் என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். "நான் போலீஸ்ல எழுதிக் குடுக்கலாம். எழுத எனக்கு இஷ்டமில்ல. உங்கள எதிரியா நெனச்சு இதைச் செய்யலம்மா" என்றார்.

"பின்னே யாரா நெனச்சுச் செய்றீங்க?"

எழுந்து போனார்.

அண்ணாச்சி போனை எடுக்கவில்லை. இவர் இப்போதெல்லாம் சூடாக இறக்கிய குழம்பை மட்டும்தான் ஊற்றிக்கொள்கிறார். சட்னி, துவையல், மோர் எதுவும் வேண்டாமாம். வயதானால் நாக்கு மாறிவிடும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 16, புதன்

பொன்செல்விக்கு ரத்தக்கொதிப்பு கூடியிருக்கிறதாம். படுக்கையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். "வந்துட்டுப் போம்மா, வாய்க்கு ருசியா எதுவும் எறங்க மாட்டேங்குது" என்றாள். மாப்பிள்ளைக்குத் தாய் இல்லை. நான் போகாமல் யார் போவது?

பையை எடுத்து வைக்கும்போது இவர் வாசற்படியில் வந்து நின்றார்.

"அவட்ட சொல்லீட்டியா?"

"என்னத்த?"

"கனி."

"சொல்ல என்ன இருக்கு? லேப்ல இல்லைன்னு வந்துருச்சு. வயித்துப் பிள்ளக்காரிய எதுக்குப் பயமுறுத்தணும்?"

அவர் வழிவிட்டு விலகிப் போனார். அவர் எப்போதும் அப்படித்தான். பாதியில் நிறுத்திவிடுவார்.

ஆகஸ்ட் 23, புதன். ஓசூர்

சின்ன அடுப்படி, ஆனால் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். இங்கே வந்ததிலிருந்து தூக்கம் நன்றாக வருகிறது. காலையில் தோசை, இரண்டு சட்னி. மத்தியானம் மாப்பிள்ளைக்கு டப்பாவில் சாதம், கூட்டு, தயிர்ப்பச்சடி. பொன்செல்விக்கு உப்பில்லாமல் தனியாக. அவளுக்குப் பச்சையாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் எல்லாமே வேகவைத்துச் சுடச்சுடத்தான்.

மாப்பிள்ளை தட்டை வழித்துச் சாப்பிடுகிறார். "அத்தை, கம்பெனியில என் டப்பாவத் தொறந்தா நாலு பேரு கை நீட்டுறாங்க" என்றார்.

இங்கே குடிப்பதற்குக் கேன் தண்ணீர். அதையும் மெஷினில் வடிகட்டித்தான் ஊற்றுகிறார்கள்.

செப்டம்பர் 6, புதன்

மாப்பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மழையில் நனைந்து வந்தார், அதுதான். மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 9, சனி

காய்ச்சல் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

காரிடாரில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். நர்ஸ் ஒரு பெண் உட்காருங்கம்மா என்றாள். உட்கார்ந்தேன். திரும்ப எழுந்துவிட்டேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

டைபாய்டு.

செப்டம்பர் 11, திங்கள்

எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், வெளியே எங்கே சாப்பிட்டார் என்று கேட்டிருக்கிறார். எங்கேயும் இல்லை, மாமியார் சமையல்தான் என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். பொன்செல்வி அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வந்ததும் அப்பாவுக்குப் போன் போட்டாள். உள்ளறையில் பேசினாள். நான் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். படுத்திருக்க வேண்டியவள்.

"அப்பா எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

"தண்ணிக் கோளாறுடி. அந்த டாக்டரம்மா..."

"இங்க கேன் தண்ணிம்மா. இதுல என்ன கோளாறு?"

கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆய்ந்த தண்டையே எடுத்து மறுபடியும் கிள்ளப் பார்த்தேன். அதில் இலை ஒன்றும் இல்லை.

"கடைய மூடச் சொன்னதுக்குக் கலெக்டர்ட்ட மனு குடுத்தியாம். குடு. வேணாங்கல. ஆனா என்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வேணாம்மா, நாங்க கடையில வாங்கிக்கிறோம்னு சொல்லியிருப்பேன். இல்ல, பரவால்ல நீயே செய்யின்னுகூடச் சொல்லியிருப்பேன். அத நான்தான சொல்லணும்? அவரு சொல்லணும். ஒன் இஷ்டம் ஒன் இஷ்டம்னு நின்ன. எங்க இஷ்டத்த யாரு கேட்டா?"

"ஒனக்கு ஒண்ணும் வரலயே."

அதைத்தான் சொன்னேன். வேறு என்னென்னவோ சொல்லியிருக்கலாம்.

அவள் அழவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "ஒரு பாலிடெக்னிக் பிள்ள செத்துப்போச்சாமே. அது பேரு என்ன?" என்று கேட்டாள்.

பெயரைச் சொன்னேன். அவள் இறந்த நாளிலிருந்து அந்தப் பெயரை நான் வாயால் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சட்னிக்குத் தட்டை நீட்டிய பிள்ளை. காய்ச்சலில் கிடந்தவளுக்குக் கைபட அரைத்துத் துவையலும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அண்ணாச்சியின் பேரன் சொம்பில் வாய் வைத்தபோது மீசை மாதிரி கூழ் ஒட்டியிருந்தது. சிரித்துக்கொண்டே துடைத்துவிட்டதும் நான்தான்.

ஆய்ந்த கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். பொன்செல்வி அதைக் குப்பையில் போட்டாள். என் கண்முன்னால்தான் போட்டாள்.

செப்டம்பர் 14, வியாழன்

மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. இட்லி சாப்பிட்டாராம். பொன்செல்விக்கு ரத்தத்தில் ஒன்றும் இல்லை. கேட்டதும் ஆஸ்பத்திரி வாசலில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பஸ் ஏறும் முன் மாப்பிள்ளையைப் பார்க்கப் போனேன். என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டே போய், "தப்பு என் பேர்ல மாப்ள" என்று மட்டும் சொன்னேன். அவர் சங்கடப்பட்டார். "நீங்க வேணும்னா செஞ்சீங்க அத்தை" என்றார். வேண்டுமென்று செய்யவில்லைதான். ஆனால் தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியவில்லை.

செப்டம்பர் 18, திங்கள்

நானே நகராட்சிக்குப் போனேன். டாக்டரம்மா ஏதோ கூட்டத்தில் இருந்தார். பெஞ்சில் காத்திருந்தேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் என்னைத் தெரிந்தவர்கள்.

ஓசூர் விஷயத்தைச் சொன்னேன். பழைய காய்ச்சலையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மாப்பிள்ளையின் கம்பெனி எது, டப்பாவில் கை நீட்டியவர்கள் யார் என்று விசாரித்து உடனே ஓசூருக்குப் போன் போட்டார். அவர் கேட்கிறவரைக்கும் எனக்கு அந்த நாலு பேர் ஞாபகமே வரவில்லை.

பிறகு கேட்டேன். "ஆபரேஷன் பண்ணிக்க மாட்டேன்னா?"

"யாரும் உங்கள இழுத்துட்டுப் போக மாட்டாங்க. உங்க உடம்பு, உங்க முடிவு. அடுத்தவங்களுக்குச் சமைக்க முடியாது, அவ்வளவுதான்."

"பண்ணிக்கிட்டா போயிருமா?"

"நிறையப் பேருக்குப் போயிருது. உங்களுக்கும் போகும்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

சத்தியம் பண்ணியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். பண்ண முடியாது என்று சொன்னதால் உட்கார்ந்திருந்தேன்.

"கடைய அன்னைக்கு மூடாம பேச்சியம்மாள சமைக்க விட்ருக்கலாம்" என்றேன்.

"இப்பவும் விடலாம்" என்றார்.

செப்டம்பர் 27, புதன்

ஷட்டரைத் திறந்தோம். பேச்சியம்மாள் சமையல். நான் கல்லாவில். இவர் அடுப்படியில். சட்னி இப்போது இவர் பொறுப்பு, கையுறை மாட்டிக்கொண்டு கரண்டியால்தான் கலக்க வேண்டும் என்று பேச்சியம்மாள் உத்தரவு. மத்தியானம் வரைக்கும் வந்தது ஆறேழு பேர். அதில் இரண்டு பேர் வெளியூர்.

பொங்கலில் மிளகு போதவில்லை. சொல்லலாமா என்று இரண்டு தடவை எழுந்தேன். மூன்றாம் தடவை கல்லாவிலிருந்தே சத்தம் போட்டுச் சொன்னேன். "தெரியும்க்கா" என்றாள் பேச்சியம்மாள்.

அண்ணாச்சி எதிர்ப்பக்கமாகப் போனார். பேரனுக்குச் சரியாகிவிட்டதாம். அவர் என்னைப் பார்க்கவில்லை, அல்லது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

முதுகுளத்தூர்ப் பக்கம் வினோதினி வீட்டுக்குப் போய்வந்தோம். நான்தான் போக வேண்டும் என்றேன். இவரும் கூட வந்தார்.

ஓட்டு வீடு. அவள் அம்மா என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள், போனில் வந்த படத்தில் பார்த்திருக்கிறாள். உள்ளே கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை. வேப்பமரத்தடியில் நின்றோம். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தண்ணீராகவும் இருக்கலாம், என் கையாகவும் இருக்கலாம், என் கைதான் என்று எனக்குத் தோன்றுகிறது என்றேன்.

"ஒங்க சட்னியப் பத்தித்தான் போன்ல பேசுவா" என்றாள் அந்த அம்மா. அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பும் வழியில் இவர் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆள் பார்க்கிறார்கள் என்று நான் இழுத்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் நானே அவர் கையைப் பிடித்தேன்.

அக்டோபர் 24, செவ்வாய்

பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். மாப்பிள்ளை வீடியோவில் காட்டினார். ஒரே அழுகை.

பொன்செல்வி பேசவில்லை. மயக்கம் தெளியவில்லை என்றார்.

நவம்பர் 5, ஞாயிறு

மகள் பேசினாள். "வந்து பிள்ளையப் பாத்துட்டுப் போ. அடுப்படிப் பக்கம் மட்டும் போயிராத."

"போகல. பிள்ளையத் தூக்கலாமா?"

"கைய நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டுத் தூக்கு. அதெல்லாம் கேட்டுட்டேன்."

யாரிடம் கேட்டாள் என்று சொல்லவில்லை. எங்கள் ஊர் டாக்டரம்மாவிடமே போன் போட்டுக் கேட்டிருப்பாள் என்று தோன்றுகிறது.

ஆபரேஷனுக்கு மதுரையில் பெயர் கொடுத்தாயிற்று. டிசம்பரில் கூப்பிடுவார்கள். பயமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 20, திங்கள்

மத்தியானக் கூட்டம் ஓய்ந்த பிறகு சிவகாசிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். பால்பாண்டி என்று பெயர், கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவர். அடுத்த வாரம் பெரிய இடத்துக் கல்யாணமாம். மூன்று வேளைப் பந்தி. இலைக்கு வைக்கிற சட்னி, துவையல், பச்சடி வகையெல்லாம் பார்க்கிற ஆள் கடைசி நேரத்தில் வரவில்லை என்றுவிட்டாராம்.

"ரெண்டு மூணு பேரு ஒங்க பேரத்தான் சொன்னாகக்கா. பெரிய அடுப்பெல்லாம் எங்காளுக பாத்துக்குவாங்க. அரைக்கிறதும் கலக்குறதும் மட்டும் ஒங்க கையால இருந்தாப் போதும்."

அவருக்கு ஒன்றும் தெரியாது. போனில் வந்த படம் அவர் ஊர் வரைக்கும் போகவில்லை போலிருக்கிறது. டாக்டரம்மாவுக்கும் தெரியவராது. வேறு ஊர், வேறு ஆட்கள். முடியாதென்றால் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம், அதுவும் பொய்யில்லை. இவர் காபி போட்டுக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். வைத்துவிட்டு உள்ளே போகாமல் அடுப்படி வாசலிலேயே நின்றார். பேச்சியம்மாள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். இருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

உண்மையைத்தான் எழுத வேண்டும். அவ்வளவு தேங்காயையும் அவ்வளவு கொத்தமல்லியையும் நினைத்ததும் உடம்பே அங்கே போய்விட்டது.

"நான் சமைக்கக் கூடாதுங்க" என்றேன். "எனக்கு டைபாய்டு கிருமி இருக்கு. என் கையில இருந்து சாப்பிடுறவங்களுக்குப் போயிரும். ஏற்கெனவே போயிருக்கு."

அவர் டம்ளரை மறுபடியும் உதட்டுக்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். மெதுவாகக் கீழே வைத்தார்.

"அது அவரு போட்ட காபிங்க. என் கை படல. குடிங்க."

"இல்லக்கா, நேரமாச்சு" என்றார். எழுந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வேகமாகப் போனார். வாசல் வரைக்கும் போய் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்து, என்ன நினைத்தாரோ, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

இவர் வந்து டம்ளரை எடுத்தார். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"சீனி கூடிப்போச்சோ?"

"ஆமா" என்றேன்.